உபால்தினாவின் மேல்வாய்

எங்கள் மலைக்கிராமம் லா செய்பிட்டாவில் பெண்கள் சுருட்டை ஆண்களைப் போலப் பிடிக்க மாட்டார்கள். எரிகிற முனையை வாய்க்குள் வைத்து உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று துணி துவைக்கிறவளுக்கு இரண்டு கையும் வேலையில் இருக்கும். நெருப்பு வெளியே இருந்தால் தெறிக்கிற தண்ணீரில் அணைந்துபோகும். இல்லாவிட்டால் சாம்பல் உதிர்ந்து யார் வீட்டு வெள்ளைச் சட்டையையாவது பாழாக்கும். உள்ளே இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. துப்பாக்கிக்காரர்கள் மலையில் திரிந்த வருடங்களில் இன்னொரு வசதியும் சேர்ந்துகொண்டது. வீட்டு வாசலில் உட்கார்ந்து பிடித்தாலும் இருட்டில் கங்கு தெரியாது.

இந்த வித்தையில் உபால்தினா மெர்காதோவை மிஞ்ச ஆள் கிடையாது. சுருட்டை உள்ளே திருப்பி வைத்துக்கொண்டு பேசுவாள், சிரிப்பாள், சண்டை போடுவாள். ஒரு தடவை பந்தயம் கட்டி ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலையை முழுதாகச் சொல்லி முடித்தாள். ஒவ்வொரு "அருள் நிறைந்த மரியே"வுக்கும் மூக்கிலிருந்து கொஞ்சம் புகை வந்தது. அந்த வருடம் திருவிழாவுக்கு வந்திருந்த பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, "மாதாவுக்குத் தூபம் போடறியா, இல்ல என்னைக் கிண்டல் பண்றியா?" என்று கேட்டார். "ரெண்டுக்கும் ஒரே சுருட்டுதான் சாமி," என்றாள் இவள்.

நான் அமிந்தா. ஒவேஹாஸ் சந்தையில் புளித்த பாலாடை விற்கிறவள். உபால்தினாவின் மகள் நெல்சிக்கு நான்தான் ஞானத்தாய். அந்த உறவில் நானும் அவளும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்று கூப்பிட்டுக்கொள்வோம். கூடப் பிறந்தவளோடு சண்டை போட்டால் பேசாமல் இருந்துவிடலாம். கொமாத்ரேயோடு அப்படி முடியாது, ஆண்டவர் சாட்சியாக வந்த உறவு.

இளமையில் அவள் துணி துவைத்தாள். பிறகு புகையிலைக் கொட்டகையில் இலை பிரித்தாள். கணவன் ஓடிப்போன பிறகு ஊருக்கு ஜெபக்காரி ஆனாள். எங்கள் பக்கம் ஒருவர் செத்தால் ஒன்பது நாள் சாயங்காலம் வீட்டில் ஜெபம் நடக்கும். பீடம் கட்டி, வெள்ளைத்துணி விரித்து, ஒரு கோப்பைத் தண்ணீரில் பஞ்சு போட்டு வைப்போம். அந்த ஒன்பது நாளும் ஆத்மா வந்து அதில் தாகம் தீர்த்துக்கொள்ளும். ஜெபத்தை நடத்துகிறவள் முதல் நாள் தொடங்கினால் ஒன்பதாம் நாள் முடித்தே ஆக வேண்டும். நடுவில் விட்டால் ஆத்மா வீட்டை விட்டுப் போகாதாம். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான், ஆனால் சோதித்துப் பார்க்கிற தைரியம் கிடையாது.

உபால்தினாவின் குரல் கனத்த குரல். அவள் "நித்திய இளைப்பாற்றி" என்று எடுத்தால் வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருக்கும் ஆண்கள்கூடக் கட்டையைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். மலடாகிப்போன மாட்டைக்கூட அழவைப்பாள் என்று என் கணவர் ரெம்பெர்தோ சொல்வார். ஊரில் வயதானவர்கள் சவப்பெட்டிக்குப் பலகை எடுத்து வைப்பதற்கு முன்பே அவளிடம் வந்து, "எனக்கு நீதான் சொல்லணும்," என்று கேட்டு வைத்துக்கொள்வார்கள். அந்தக் குரல்தான் அவளுடைய சொத்து. அவளிடம் வேறு எதுவும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் மருத்துவ முகாம் போட்டபோது ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போனாள். நானும் கூடப் போனேன். டாக்டர் மாரெல்விஸ் என்று சின்ஸெலேஹோவிலிருந்து வந்த பெண். பல்லைப் பார்க்கக் குனிந்தவள் பல்லை மறந்துவிட்டாள். விளக்கை மேலே திருப்பி மேல்வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இடம் வலிக்குதாம்மா?"

"வலியா? அங்க வலிச்சுப் பல வருஷம் ஆச்சு. ஆரம்பத்துல சுட்டுச்சு, கொப்புளிச்சுது. அப்புறம் பழகிடுச்சு. இப்பக் கொதிக்கிற கடுங்காப்பிய அப்படியே ஊத்தலாம். அடுப்பு சுட்டா சட்டிக்கு வலிக்குமா?"

இதை அவள் பெருமையாகச் சொன்னாள். எங்கள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மண்வெட்டி பிடித்துக் கை காய்த்துப்போவதுபோல நெருப்பு பிடித்து வாய் காய்த்துப்போகும் என்றும், காய்த்தபின் ஒன்றும் செய்யாது என்றும் எங்கள் நினைப்பு. மேல்வாய் வெளுத்து மரத்துப்போனவள்தான் தேறினவள். புதிதாகப் பழகுகிற பெண் எரிச்சலில் கண்ணீர் விட்டால், "இன்னும் வாய் பழுக்கலையாடி?" என்று சிரிப்போம்.

மாரெல்விஸ் சிரிக்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "வலிச்சிருந்தா நீங்க முன்னாடியே வந்திருப்பீங்க. வலிக்கலங்கறதுதான் எனக்குப் பயமா இருக்கு. வெள்ளையா இருக்கறது தடிச்ச தோல். சுருட்ட விட்டா அது குறையலாம். ஆனா நடுவுல செவந்து ஒரு புண் இருக்கு பாருங்க, அது வேற. அதுல கொஞ்சம் கிள்ளி எடுத்து சோதிக்கணும்."

கிள்ளி எடுத்துச் சோதித்தார்கள். புற்று. கார்த்தஹேனாவில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாங்கள் இருவரும் பேருந்தில் போனோம். அறுவைசிகிச்சை டாக்டர் வயதானவர், பொறுமையாகப் பேசினார். கட்டி சின்னதுதான், எலும்புக்குள் போகவில்லை, சீக்கிரம் வெட்டி எடுத்துவிட்டால் பிழைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். மேல்வாயில் ஒரு பகுதி போய்விடும். பல்செட் மாதிரி ஒரு தகடு செய்து அந்த ஓட்டையை அடைப்பார்கள். சாப்பிடலாம், பேசலாம்.

"ஜெபம் சொல்லலாமா?" என்று கேட்டாள் உபால்தினா.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "பேசலாம்மா. பழைய குரல் அப்படியே வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இப்ப விட்டா குரல் மட்டும் போகாது."

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் சன்னலோரம் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாள். ஜெபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் நாக்கு எங்கே போய்த் தொடுகிறது என்று பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். "கொமாத்ரே, பாதி எழுத்து மேல்வாய்லதான் இருக்கு," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அறுவைசிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள். அதற்குள் கடைக்காரன் எமீரோவின் அம்மா செத்துப்போனாள்.

எமீரோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான், 'டோன்யா' என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான். "டோன்யா உபா, எங்கம்மா உங்க பேரைச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சு. ஒம்போது நாள்தானே. ஒம்போது நாள்ல என்ன ஆயிடும்?"

"அந்தம்மா கொடிக்கயிறு தகராறுல எங்கூட ஏழு வருஷம் பேசலியே," என்றாள் இவள்.

"அதுக்குத்தான் நீங்க சொல்லணும்ங்குது. வேற யாராவது சொன்னா அங்க போயும் மனசு ஆறாதாம்."

அவள் சிரித்துவிட்டாள். அதோடு முடிந்தது. தேதியைத் தள்ளிப் போட்டாள். எமீரோவின் அம்மாவுக்குப் பிறகு தெற்குத் தெருவில் ஒரு கிழவர். கிழவருக்குச் சொன்னவள் தங்களுக்குச் சொல்லாமல் போனால் எப்படி என்று ஆற்றங்கரை வீட்டார் கோபித்துக்கொண்டார்கள். அவர்கள் வீட்டில் இழவு விழுந்திருந்தது. நான் தெருவில் நின்று கத்தினேன். "செத்தவங்களுக்கு என்னய்யா அவசரம்? அவங்க கையில காலமெல்லாம் கெடக்கு! அவகிட்டதான் நேரம் இல்ல!" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பாவம், நல்ல மனுஷி, உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அடுத்த இழவுக்கு அவர்களே போய் அவள் கதவைத் தட்டினார்கள்.

ஊரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அவளுக்கும் உள்ளுக்குள் அந்தச் சாக்கு வேண்டியிருந்தது. குரல் இருக்கிறவரை சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு வீட்டிலும் முன்னைவிட நீளமாக, முன்னைவிட அழகாகச் சொன்னாள். சுருட்டை மட்டும் விட்டுவிட்டாள். கை பரபரக்கும்போது வெறும் குச்சியை வாயில் வைத்துக்கொள்வாள்.

கடைசியாக ஒரு தேதி வந்தது. அதைத் தள்ளினால் மறுபடி முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்த வாரம் என் ரெம்பெர்தோ செத்துப்போனார். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனவர் வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் நானே அவள் பையைக் கட்டினேன். நெல்சி ஒரு கையைப் பிடித்தாள், நான் ஒரு கையைப் பிடித்தேன், பேருந்தில் ஏற்றிவிட்டோம்.

"ரெம்பெர்தோவ யார் அனுப்பி வைப்பா?" என்று படியில் நின்று அழுதாள்.

"அந்தாளு வீட்டுக்கு வர்றதுக்கே வழி தெரிஞ்சவரு, போறதுக்கும் தெரியும். நீ போ!"

பேருந்து போய்விட்டது. நெல்சி அவசரத்தில் காசு எடுத்து வரவில்லை, பின்னாலேயே அடுத்த பேருந்தில் போவதாக ஏற்பாடு. நான் வீட்டுக்கு வந்து பீடத்துக்குப் பூ வைத்தேன். சான் ரஃபாயேலிலிருந்து ஒரு ஜெபக்காரியைக் கூப்பிட ஆள் அனுப்பியிருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கம்பக்கம் எல்லாம் கூடி, அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். அப்போது வாசலில் கூட்டம் விலகியது. உபால்தினா தலையில் பையோடு, முழங்கால் வரை புழுதியோடு உள்ளே வந்தாள். அடுத்த ஊரிலேயே இறங்கி வெயிலில் நடந்து திரும்பியிருக்கிறாள். பின்னால் போன நெல்சிக்கு அது தெரியாது. பையை மூலையில் வைத்தாள், முக்காடு போட்டாள், மண்டியிட்டாள்.

அவள் குரல் எழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடித்துத் துரத்தியிருக்க வேண்டிய நேரம், ஆனாலும் அதுதான் உண்மை. அந்த ஒன்பது நாளும் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் நின்றேன். அதற்குப் பிறகு அவள் யாருக்கும் ஜெபம் நடத்தவில்லை.

மறுபடி வரிசையில் நின்று தேதி கிடைத்தபோது மழைக்காலம் வந்துவிட்டது. டாக்டர் புதிதாக எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கட்டி எலும்பைத் தின்று மூக்குப் பக்கம் ஏறியிருந்தது. சின்னத் துண்டாக எடுத்திருக்க வேண்டியதை மேல்வாய் முழுதாக எடுத்தார்கள். அதன்பிறகு கதிர்வீச்சு. எச்சில் வற்றிப்போய், வாயெல்லாம் புண்ணாகி, இத்தனை வருடம் நெருப்பையே சுவைத்தவள் ஒரு வாய் வெறும் தண்ணீருக்குக் கண் கலங்கினாள். நெல்சி மரவள்ளிக்கிழங்கைக் கஞ்சியாகக் கரைத்து ஆறவைத்துக் கரண்டியால் கொடுப்பாள்.

தகடு செய்து கொடுத்தார்கள். இளஞ்சிவப்பாக, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு பொருள். அதைப் போட்டிருந்தால் விழுங்கலாம். இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீரெல்லாம் மூக்கு வழியாக வந்துவிடும். பேச்சும் வந்தது. ஆனால் எல்லா எழுத்தும் மூக்குக்குள் போய்த் திரும்பி வருகிறமாதிரி இருந்தது. எனக்கும் நெல்சிக்கும் புரியும், மற்றவர்கள் இரண்டு தடவை கேட்பார்கள். தெருப்பிள்ளைகள் சிரித்தன. வாயைத் துண்டால் மூடிக்கொண்டே நடக்கப் பழகிவிட்டாள்.

அப்போதுதான் எமீரோவின் தம்பி செத்தான். சான் ரஃபாயேல்காரியை வண்டி வைத்துக் கூட்டி வந்தார்கள். உபால்தினா முக்காடு போட்டுக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அவளைக் கும்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் நான் எமீரோவின் கடைக்குப் போனேன்.

"ஒம்போது நாள்ல என்ன ஆயிடும்னு கேட்டியே, என்ன ஆச்சுன்னு பாத்தியா?"

"கோவிச்சுக்காதீங்க டோன்யா அமிந்தா. நானென்ன வேணும்னா பண்ணேன்? கூட வர்ற ஜனங்களுக்குப் புரியணுமில்ல."

அரிசி மூட்டையை உதைத்துவிட்டு வந்தேன். கால் விரல்தான் வீங்கியது. உபால்தினாவிடம் சொன்னபோது அவள் துண்டுக்குள்ளிருந்து, "ஆண்டவருக்குப் புரியும், கடைக்காரனுக்குப் புரியாது," என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்குவதை நான் பார்த்தேன்.

துண்டு ஒரே ஒரு நாள்தான் ஊரறிய விலகியது. இப்போது ஓடைக்கு யாரும் போவதில்லை, தெருக்குழாயடியில்தான் துவைக்கிறார்கள். அன்று நெல்சி துவைத்துக்கொண்டிருந்தாள், நான் குடத்தோடு நின்றேன். உபால்தினா மகளின் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். தாய்க்கு இவ்வளவு நடந்தும் நெல்சி விடவில்லை. ஒளித்து ஒளித்துப் பிடித்துக்கொண்டிருந்தவள், அன்று தாய் தூங்குகிறாள் என்று நினைத்துப் பற்றவைத்துத் திருப்பி வாய்க்குள் வைத்தாள்.

உபால்தினா மகளின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். துண்டை உருவினாள். இரண்டு விரலை விட்டுத் தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பிறகு தலையை அண்ணாந்து, வெயில் உள்ளே விழுகிறமாதிரி வாயைத் திறந்தாள்.

காற்று கூரையைப் பிய்த்தெறிந்த வீட்டைப் பார்த்தமாதிரி இருந்தது. மனிதர் ஒருவரும் பார்க்கக்கூடாத இடம்வரை தெரிந்தது. பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டார்கள். நெல்சி முகத்தைத் திருப்பப் பார்த்தாள், தாய் விடவில்லை. தகடு இல்லாமல் அவள் எதையோ சொன்னாள். அது எனக்கே புரியவில்லை, காற்றுதான் வந்தது. நெல்சிக்குப் புரிந்தது. சுருட்டை ஈரத்தரையில் போட்டு மிதித்தாள். அந்த வாரமே அவளை மாரெல்விஸிடம் கூட்டிப்போனேன். மேல்வாய் வெளுத்திருந்தது, புண் இல்லை. மறுபடி தொடாமல் இருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் நல்லது என்றாள். தொடவில்லை. இப்போது அந்த வெள்ளை பாதிக்குமேல் மறைந்துவிட்டது.

குழாயடியில் நின்ற மற்றவர்களில் நான்கைந்து பேர் விட்டார்கள், சிலர் எரிகிற முனையை வெளியே திருப்பிக்கொண்டு தப்பித்துவிட்டதாக நினைத்தார்கள். "அதுவும் அதே சுருட்டுதான்டி, வாயில இல்லைன்னா நெஞ்சுல வந்து உக்காரும்," என்று நான் சொல்லித்தான் பார்க்கிறேன். கிழவி தொமாஸா மட்டும் சுருட்டை எடுக்காமலேயே, "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? என் வாய் வேற, அவ வாய் வேற," என்றாள். அவளைத் தினமும் திட்டுகிறேன்.

அடுத்த வருடம் புற்று கழுத்தில் முளைத்தது. இந்தத் தடவை டாக்டர் தேதி எதுவும் சொல்லவில்லை, வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். மாம்பழக் காலத்தில் உபால்தினா போய்ச் சேர்ந்தாள். கடைசி நாட்களில் தகடு நிற்கவில்லை, கழற்றிச் சன்னல் கட்டையில் வைத்திருந்தோம். அழுகையிலும் அவசரத்திலும் பெட்டிக்குள் அதை வைக்க மறந்துபோனோம். கல்லறையிலிருந்து திரும்பி வந்தபோதுதான் நெல்சி அதைப் பார்த்தாள்.

சான் ரஃபாயேல்காரி தானே வந்து ஜெபம் சொல்வதாகச் சொன்னாள். நல்லவள்தான். நெல்சி வேண்டாம் என்றுவிட்டாள். "நீங்க சொல்லுங்க ஞானம்மா."

"எனக்குப் பாதிதான்டி தெரியும்."

"அம்மாவுக்குக் கடைசியில பாதி எழுத்துதானே வந்துச்சு."

அன்று சாயங்காலம் பீடம் கட்டினோம். வெள்ளைத்துணியின் நடுவில் நெல்சி தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பஞ்சைப் போட்டாள். பிறகு சன்னல் கட்டையிலிருந்து தகட்டை எடுத்துக் கழுவித் துடைத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். யாரோ கிசுகிசுத்தார்கள், பீடத்தில் வைக்கிற பொருளா இது என்று. "இது இல்லாம அம்மா எப்படிக் குடிக்கும்?" என்று கேட்டாள் நெல்சி. எமீரோ தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

ஒன்பது நாளும் நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். மறந்த இடத்தில் கூட்டம் எடுத்துக் கொடுத்தது. இத்தனை வருடம் அவளிடம் கேட்டதில் எல்லோருக்கும் அது மனப்பாடமாகத்தான் இருந்தது. அவளைக் கட்டாயப்படுத்தாமலேயே நாங்கள் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. கடைசி நாள் பூவை எடுத்தோம், மெழுகுவத்தியை அணைத்தோம். கோப்பையில் தண்ணீர் நன்றாகக் குறைந்திருந்தது. எல்லா வீட்டிலும் குறையும். வெயில் குடிக்கும், பஞ்சு குடிக்கும், எனக்குத் தெரியாதா?

நெல்சி தகட்டைத் தூக்கி, அதற்கடியில் இருந்த துணியைக் கையால் தடவிப் பார்த்தாள். இன்னொரு தடவை தடவினாள்.

"காஞ்சுதான் இருக்கு, ஞானம்மா," என்றாள். "சிந்தவே இல்ல."